மரக் காருக்கு இழுப்பு வைப்பது எப்படி

சரிவில் விட்டால் தன் எடையிலேயே ஓடும் கையளவு மரக் காருக்கு இன்ஜின் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. தொடக்கத்தில் காரைத் தடுத்து நிறுத்தும் கேட் விழுந்த பிறகு யாரும் அதைத் தொட முடியாது. ஆனாலும் ஒரே மரத்தில், ஒரே எடையில் செய்த இரண்டு கார்களில் ஒன்று மட்டும் முன்னால் போகிறது என்றால், பெரும்பாலும் காரணம் அது எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான். எல்லாக் காரும் ஏதோ ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுப்பை நாம் அளந்து வைத்தோமா, அதுவாக வந்து உட்கார்ந்ததா என்பதைப் பொறுத்தே நேரம் மாறும்.

இந்தப் பந்தயத்தை 1953-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்பவர் சாரணர் இயக்கத்தின் இளையோர் பிரிவான குருளையர் படைச் சிறுவர்களுக்காகத் தொடங்கினார். பைன்வுட் டெர்பி என்று பெயர். இப்போது கிடைக்கும் கிட்கள் பெரும்பாலும் அந்த வழி வந்த அளவுகளையே பின்பற்றுகின்றன: எடை உச்சவரம்பு 5 அவுன்ஸ், அதாவது 141.7 கிராம். நீளம் 178 மி.மீ., சக்கரங்களோடு சேர்த்து அகலம் 70 மி.மீ. அச்சுக்குப் பதில் நான்கு ஆணிகள், நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், ஒரு பைன் கட்டை. தடத்தின் நடுவில் 41 மி.மீ. அகலமும் 6 மி.மீ. உயரமும் உள்ள ரீப்பர், அதாவது ஒரு மரச்சட்டம், நீளவாக்கில் ஓடும். அதன் இரு பக்கமும் சக்கரங்கள் இறங்கியிருப்பதால் கார் தடத்தை விட்டுப் போகாது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பள்ளிக்கூடத்துக்காகத் தடம் அடிக்கக் கொடுத்தாலும் இந்த அளவுகளையே ஆசாரியிடம் சொல்லுங்கள். பிறகு எந்தக் கிட் வாங்கினாலும் பொருந்தும்.

நேராக ஓடும் கார் ஏன் பிந்துகிறது

தொடக்க மேடை 1.2 மீட்டர் உயரம் என்றால், எந்த இழப்பும் இல்லாமல் கார் எட்டக்கூடிய வேகம் விநாடிக்கு 4.85 மீட்டர். அதற்கு மேல் ஒரு காரும் போகாது. ஆகவே கிடைக்கும் வேகத்தை எங்கெல்லாம் சிந்துகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆணிக்கும் சக்கரத் துளைக்கும் இடையே உராய்வு, எதிர்க்காற்று, சக்கரம் ரீப்பரில் மோதுவது என்று மூன்று இடங்கள். முதல் இரண்டையும் எல்லோரும் கவனிப்பார்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை.

எதிரெதிர்ச் சக்கரங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே ஏறத்தாழ 44.5 மி.மீ. இருக்கும். ரீப்பர் 41. ஆக மூன்று மி.மீ.க்குச் சற்று மேல் ஆட்டம் உண்டு. துல்லியமாக நேராக ஓடும்படி செய்த கார் இந்த இடைவெளிக்குள் இடமும் வலமுமாக அலையும். தடத்தின் ஒரு இணைப்பு, ஒரு தூசி, சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் வளைவு, ஏதாவது ஒன்று தள்ளினால் போதும். இடது பக்கம் மோதும், திரும்பி வலது பக்கம் மோதும். ஒவ்வொரு மோதலும் வேகத்தைத் தின்னும். அதிலும் பின்சக்கரம் மோதினால் இழப்பு அதிகம், ஏனென்றால் எடையின் பெரும்பகுதி பின்னால்தான் இருக்கிறது.

இதற்கு வழி, காரை வேண்டுமென்றே ஒரு பக்கம் இழுக்க வைப்பது. முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை ரீப்பரை மெல்ல அணைத்தபடி ஓட வேண்டும். இன்னொரு முன்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிற்கும். பின்சக்கரங்கள் இரண்டும் ரீப்பரை ஒருபோதும் தொடக் கூடாது. அணைத்து ஓடுவதிலும் உராய்வு உண்டுதான். ஆனால் மாறி மாறி மோதுவதைவிட அது மிகக் குறைவு.

கீழே சொல்வதெல்லாம் இடது முன்சக்கரம் ரீப்பரைத் தொடும் கார் என்று வைத்துக்கொண்டு எழுதியது. இடது சக்கரத்துக்கு ரீப்பர் வலப்பக்கம் இருப்பதால் கார் வலப்பக்கம் இழுக்க வேண்டும். வலது சக்கரத்தைத் தொடு சக்கரமாக வைத்தால் எல்லாவற்றையும் மாற்றிப் படியுங்கள். நான்கில் ஆட்டமே இல்லாமல் சுழலும் சக்கரத்தைத் தொடு சக்கரத்துக்கு எடுங்கள். மிகவும் மோசமானதைத் தூக்கிய சக்கரத்துக்கு வையுங்கள்.

மரமும் எடையும்

குமரி மாவட்டத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எளிதில் கிடைக்கும் ரப்பர் மரம், அயனி, தேக்கு எல்லாமே பைனைவிடக் கனமானவை. 178 x 44 x 32 மி.மீ. கட்டை 250 க.செ.மீ. பைனில் செய்தால் 110 கிராமை ஒட்டி வரும். ரப்பர் மரத்தில் செய்தால் கட்டை மட்டுமே 150 கிராம் வரை போய், எடை வரம்பைத் தாண்டிவிடும். உடலை 10 மி.மீ. கனத்துக்கு இழைத்துவிட்டால் பைன் 35 கிராம், ரப்பர் மரம் 47 கிராம். அந்தப் பன்னிரண்டு கிராம் வித்தியாசம் பெரிது. மரத்தில் போகும் ஒவ்வொரு கிராமும் காரின் நீளம் முழுக்கப் பரவிக் கிடக்கும், ஈயமாக இருந்தால் வேண்டிய இடத்தில் குவிக்கலாம். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்த பேக்கிங் பெட்டிகளில் பைன் பலகை கிடைக்கும். ரேகை நேராக ஓடும் துண்டாகப் பொறுக்குங்கள். ஆணித் துளை வரும் இடத்தில் கணு இருக்கக் கூடாது, இருந்தால் டிரில் பிட் விலகிப் போகும்.

எடைக்கு ஈயம் போதும். குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் ஈயக்குண்டு கிடைக்கும். தட்டையாகத் தட்டி, பின் அச்சுக்குச் சற்று முன்னால் குழி தோண்டிப் பதிக்கலாம். ஈயத்தைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், அரம் போட்டு ராவாதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

முழுக் காரையும் ஒரு ஸ்கேலின் விளிம்பில் குறுக்கே வைத்துப் பாருங்கள். சாயாமல் நிற்கும் இடம் பின் அச்சிலிருந்து 20 முதல் 25 மி.மீ. முன்னால் இருக்க வேண்டும். அச்சுகளுக்கு இடையே 111 மி.மீ. உள்ள காரில், 20 மி.மீ. என்றால் முன்சக்கரத்தின் மேல் 25 கிராம் விழும். 25 மி.மீ. என்றால் 32 கிராம். சரிபார்ப்பதற்கு, நகைத் தராசு மேல் முன்சக்கரத்தையும், அதே உயரமுள்ள புத்தகத்தின் மேல் பின்சக்கரங்களையும் வைத்தால் போதும். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். இழுப்பு எவ்வளவு வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கும். முன்பக்கம் லேசாக இருந்தால் ரீப்பரை விட்டு விலகாமலிருக்க இழுப்பைக் கூட்ட வேண்டியிருக்கும்.

மொத்த எடையை 141 கிராமில் நிறுத்தி, மீதியைச் சின்ன ஸ்க்ரூவாக வைத்துக்கொள்வது நல்லது. பந்தயத் தராசு வேறு மாதிரி காட்டினால் அங்கேயே கழற்றலாம், சேர்க்கலாம்.

துளை போடுவது

கட்டை சதுரமாக இருக்கும்போதே துளைகளைப் போட்டுவிடுங்கள். வடிவம் செதுக்கிய பிறகு போட்டால் டிரில்லுக்கு நேரான முகம் கிடைக்காது. கை டிரில்லில் இந்த வேலை நடக்காது. ஸ்டாண்டு வைத்த டிரில் வேண்டும். அது இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஆணியை வெர்னியரில் அளங்கள். கிட் ஆணிகள் 2.2 முதல் 2.3 மி.மீ. வரை இருக்கும். அதைவிட 0.1 மி.மீ. குறைந்த பிட்டை எடுத்து முதலில் ஒரு வேண்டாத துண்டில் போட்டுப் பாருங்கள். ஆணி கட்டைவிரல் அழுத்தத்தில் பாதி போய், பிறகு குறடு கேட்க வேண்டும். அதுதான் சரியான பிடி.

பின்துளைகள் இரண்டையும் 3 டிகிரி சாய்த்துப் போட வேண்டும். 100 மி.மீ. அகலப் பலகையின் ஒரு ஓரத்துக்குக் கீழே 5.2 மி.மீ. துண்டு வைத்தால் 3 டிகிரி கிடைக்கும், கட்டையை அதன் மேல் நிறுத்தித் துளையிடுங்கள். துளையின் வாய் மேலேயும் உள்முனை கீழேயும் இருக்க வேண்டும். அப்போது ஆணி வெளியே போகப் போக உயரும், சக்கரத்தின் மேல்பகுதி காரை நோக்கிச் சாயும். எடை அழுத்தும்போது சக்கரம் தானாகவே ஆணித்தலைப் பக்கம் நகர்ந்து அங்கேயே நிற்கும், உடலில் உரசாது. இந்தச் சாய்வை மாற்றிப் போட்டுவிட்டால் சக்கரம் உள்ளே வந்து மரத்தில் தேயும். அந்தக் கார் எந்த வைத்தியத்துக்கும் கேட்காது, துளையை அடைத்து மறுபடி போடத்தான் வேண்டும்.

இடது முன்துளை சாய்வில்லாமல் நேராக இருக்கட்டும். வலது முன்துளையை மற்றவற்றைவிட 1.5 மி.மீ. உயர்த்திப் போட்டால் அந்தச் சக்கரம் தரையைத் தொடாது. நான்கு சக்கரமும் தொட வேண்டும் என்று விதி இருக்கும் பந்தயங்கள் உண்டு. அங்கே ஓட்டுவதானால் ஒரே உயரத்தில் போடுங்கள்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. இடது முன்சக்கரம் வரும் இடத்தில் உடலின் பக்கவாட்டை 1.6 மி.மீ. ராவிக் குறைக்க வேண்டும். அப்போது முன்சக்கரம் ரீப்பரைத் தொட்டு ஓடும்போது அதே பக்கத்துப் பின்சக்கரம் 1.6 மி.மீ. தள்ளி நிற்கும். இதைச் செய்யாவிட்டால் இழுப்பு எவ்வளவு அழகாக வைத்தாலும் பின்சக்கரமும் சேர்ந்து உரசும்.

ஆணி

கிட்டில் வரும் ஆணியின் தலைக்கு அடியில் பிசிறும், தண்டில் அச்சுக் கோடுகளும் இருக்கும். ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, தலையின் அடிப்பக்கத்தை நைஸ் அரத்தால் சற்றுச் சாய்வாகத் தேயுங்கள். பிறகு வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 2000 என்று வரிசையாக, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு பேப்பரின் கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் பித்தளைப் பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தால் ஆணியில் டியூப்லைட் நேர்கோடாகத் தெரியும். கோடு நெளிந்து தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

இனி வளைப்பது. இடது முன் ஆணியை 2 டிகிரி வளைக்க வேண்டும். சக்கரம் ஓடும் 10 மி.மீ. பகுதி நேராகவே இருக்கட்டும், வளைவு அதற்கு அப்பால், மரத்துக்குள் நுழையும் இடத்தில் விழ வேண்டும். வைஸ் தாடைகளுக்கு இடையே மெல்லிய செம்புத் தகடு வைத்து ஆணியைப் பிடித்து, சிறு சுத்தியலால் பைய ஒரு தட்டு. 10 மி.மீ. நீளத்துக்கு முனை 0.35 மி.மீ. விலகினால் 2 டிகிரி. கண்ணாடி மேல் உருட்டினால் தலை லேசாகத் தள்ளாடுவது தெரியும். ஒரே அடியில் முடிக்கப் பார்க்காதீர்கள், அதிகம் வளைந்த ஆணியைத் திருப்பி நிமிர்த்தினால் இரண்டு வளைவுள்ள ஆணிதான் கிடைக்கும்.

வளைந்த திசை தெரியும்படி தலையில் ஆக்சா பிளேடால் ஒரு சிறு வெட்டு போட்டு, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் மார்க்கர் புள்ளி வையுங்கள். வெட்டில் சிறிய ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருப்புவதுதான் நமது ஸ்டீயரிங். புள்ளி இல்லாமல் வெட்டு மட்டும் இருந்தால் மேலா கீழா என்று குழம்பும்.

சாய்வுத் துளை கூடாது என்று விதி சொன்னால் பின் ஆணிகளையும் இதே போல 2.5 முதல் 3 டிகிரி வளைத்து, புள்ளி மேல்நோக்கி இருக்குமாறு மாட்டலாம்.

முதலில் பின்பக்கம்

டயர் கடையில் அலைன்மென்ட் பார்ப்பவர்கள் கேம்பர், டோ என்று இரண்டைச் சொல்வார்கள். இங்கேயும் அவைதான். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர், முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது டோ. பின்சக்கரங்களுக்குக் கேம்பர் வேண்டும், டோ கூடாது. இதை முடிக்காமல் முன்பக்கத்தைத் தொடுவதில் பயனில்லை. பின்சக்கரம் ஒரு பக்கம் தள்ள, முன்சக்கரம் இன்னொரு பக்கம் இழுக்க, கணக்கு நேராக வந்ததுபோல் தெரியும். ஆனால் கார் குறுக்காக நடந்துகொண்டிருக்கும்.

சக்கரத்துக்கும் உடலுக்கும் இடைவெளி ஓர் ஏடிஎம் கார்டின் கனம் இருக்கட்டும். கார்டின் கனம் 0.76 மி.மீ., இதைவிட நல்ல அளவுகோல் வீட்டில் கிடையாது. கார்டை இடையில் வைத்துக்கொண்டே ஆணியை அழுத்தி இறக்கலாம்.

பிறகு காரைக் கண்ணாடி அல்லது கிரானைட் மேல் வைத்து, ஒரு விரலால் மெதுவாக முன்னே ஒரு சாண் தள்ளுங்கள், அப்படியே பின்னே இழுங்கள். இரண்டு திசையிலும் இரண்டு பின்சக்கரமும் ஆணித்தலையை ஒட்டியே இருக்க வேண்டும். முன்னே போகும்போது உள்ளே வந்து, பின்னே வரும்போது வெளியே போகிறதா? அந்தச் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறது. வளைந்த ஆணியானால் புள்ளியைக் காரின் பின்பக்கமாக ஐந்து டிகிரி திருப்புங்கள். நேர்மாறாக நடந்தால் முன்பக்கமாகத் திருப்புங்கள். சாய்வுத் துளையில் நேர் ஆணி போட்டிருந்தால் திருப்பி ஒன்றும் ஆகாது. ஆணியைக் கழற்றி, அரை டிகிரி மட்டும் வளைத்து மாட்டினால் சரிசெய்துகொள்ள இடம் கிடைக்கும்.

இந்தச் சோதனையில் அவசரம் வேண்டாம். இரண்டு திசையிலும் சக்கரம் வெளியே நின்றால் பாதி வேலை முடிந்தது.

முன்சக்கரமும் சோதனைப் பலகையும்

தொடு சக்கரத்தின் ஆணியைப் புள்ளி நேர் கீழே, கடிகாரத்தின் 6 இருக்கும் இடத்தில் வரும்படி மாட்டுங்கள். இப்போது சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாய்ந்து, அடிப்பகுதி ரீப்பரை நோக்கி இருக்கும். பின்சக்கரத்துக்கு நேர் எதிரான சாய்வு இது. காரணம் இருக்கிறது. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கும். ரீப்பரை அந்த அடிப்புள்ளியில் தொட்டால் தேய்ப்பு மிகக் குறைவு. 15 மி.மீ. ஆரமுள்ள சக்கரம் 6 மி.மீ. உயரத்தில் ரீப்பரின் மேல்விளிம்பைத் தொட்டால், அந்த இடம் காரின் வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வேகத்தில் ரீப்பரில் தேயும். சாய்வு மாறி அமைந்த கார்கள் கீச்சென்று சத்தம் போடுவது இதனால்தான்.

புள்ளியைக் காரின் முன்பக்கமாகத் திருப்பினால் கார் ரீப்பரை நோக்கி இழுக்கும். இடது சக்கரத்தை வெளியிலிருந்து பார்த்தால் அது 6-லிருந்து 7-ஐ நோக்கி, கடிகாரச் சுற்று. பின்பக்கமாகத் திருப்பினால் ரீப்பரை விட்டு விலகும்.

எவ்வளவு என்று அளக்கச் சோதனைப் பலகை வேண்டும். 1.2 மீட்டர் நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள பிளைவுட்டில் வழவழப்பான மைக்கா ஒட்டியது போதும். நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு. தொடக்க முனையை 25 மி.மீ. உயர்த்துங்கள், கார் மெல்ல உருண்டால் போதும். குறுக்குவாட்டில் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தபின் ஒரு பேரிங் குண்டைக் கோட்டின் மேல் விடுங்கள், அது கோட்டிலேயே ஓட வேண்டும். பலகையைத் தலைமாற்றி வைத்தும் ஒருமுறை குண்டை விட்டுப் பாருங்கள். அப்போது விலகினால் பலகையே வளைந்திருக்கிறது என்று பொருள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். மெதுவாக உருளும் காரை விசிறிக்காற்று தள்ளும்.

கோட்டை ஒட்டி 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு ரீப்பர் துண்டைத் தற்காலிகமாக ஒட்டி, காரை அதில் சாய்த்து வைத்து விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் கிளம்பும். கையால் குறிபார்த்து விட்டால் ஒவ்வொரு முறையும் வேறு அளவு வரும், எதையும் நம்ப முடியாது. கார் இழுக்கும் வலப்பக்கம் காலியாக இருக்கும்படி துண்டை இடப்பக்கம் வையுங்கள்.

மறுமுனையில் கார் கோட்டிலிருந்து எவ்வளவு வலப்பக்கம் போயிருக்கிறது என்று அளங்கள். முதல் இலக்கு 100 மி.மீ. 2 டிகிரி வளைந்த ஆணியை 10 டிகிரி திருப்பினால், 111 மி.மீ. அச்சு இடைவெளியுள்ள காரில் 1.2 மீட்டருக்கு ஏறத்தாழ 40 மி.மீ. மாறும். ஆகவே ஒருமுறைக்கு ஐந்து டிகிரிக்கு மேல் திருப்பாதீர்கள். கடிகாரத்தில் பத்து நிமிட நேரத்துக்குச் சின்ன முள் நகரும் அளவு அது. ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் ஏடிஎம் கார்டை விட்டு இடைவெளியைப் பாருங்கள், திருப்பும்போது ஆணி வெளியே வந்திருக்கும். மூன்று ஓட்டத்தில் மூன்றும் 5 மி.மீ.க்குள் ஒத்துவந்தால்தான் அந்த அளவை எழுதி வைக்கலாம்.

தடத்தில் இறுதி அளவு

பலகையில் 100 மி.மீ. என்பது பாதுகாப்பான தொடக்கம். வேகம் அதற்குக் கீழே இருக்கிறது. தடத்தில் ஓட்டி நேரம் பார்த்து, 90, 80, 70 என்று பத்துப் பத்தாகக் குறைத்து வாருங்கள். குறையக் குறைய ரீப்பர் மேல் அழுத்தம் குறைந்து நேரம் முன்னேறும். ஒரு கட்டத்தில் சமதளத்தில் காரின் வால் ஆடத் தொடங்கும், அல்லது நேரம் திடீரென்று ஏறும். அதற்கு முந்தைய அளவுதான் உங்கள் காருக்கானது. பல கார்கள் 60-க்கும் 80-க்கும் இடையே நிற்கும். முன்சக்கர எடை 25 கிராமுக்குக் குறைவான கார் 80-க்குக் கீழே தாங்காமல் போகலாம். ஒரு கார் வால் ஆட்டிக்கொண்டே ஒருமுறை நல்ல நேரம் காட்டினால் மயங்க வேண்டாம். அடுத்த ஓட்டத்தில் அதே நேரம் வராது. பந்தயம் பல சுற்று என்பதால் ஒரே மாதிரி ஓடும் கார்தான் வேண்டும்.

நேரம் எடுக்கக் கருவி இல்லையென்றால் செல்போனின் ஸ்லோமோஷன் வீடியோ போதும். தடத்தின் ஓரத்தில் தரையோடு தரையாக வைத்துப் பின்சக்கரத்தைப் படம் பிடியுங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரியாதபோதும் வீடியோவில் தெரியும்.

தடமும் குற்றவாளியாக இருக்கலாம். பிளைவுட் துண்டுகள் சேரும் இடத்தில் ரீப்பரின் பக்கவாட்டு ஒன்றுக்கொன்று சற்று விலகியிருந்தாலே தொடு சக்கரம் அங்கே தட்டும். நகத்தால் தடவிப் பார்த்து, தட்டும் இடத்தை எமரி பேப்பரால் சாய்வாக்குங்கள். ஒரு லேனில் மட்டும் எல்லாக் காரும் பிந்தினால் காரைத் தொடாதீர்கள், அந்த லேனின் இணைப்பையும் குறுக்கு மட்டத்தையும் பாருங்கள். தடத்தைக் கூடத்துக்குள் விரித்து சன்னல்களைச் சாத்துவது நல்லது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்பதே கணவாய்க் காற்றுக்காகத்தான். அந்தக் காற்று பக்கவாட்டில் அடித்தால் 140 கிராம் கார் ரீப்பரை விட்டு விலகும்.

சரியாக வராதபோது

சரிவு முடியும் வளைவில் முன்பக்கம் துள்ளினால் எடை அதிகம் பின்னால் இருக்கிறது. ஐந்து கிராமை முன்னே நகர்த்துங்கள், பிறகே இழுப்பைத் தொடுங்கள். பலகையில் சரியாக இருந்த இழுப்பு நாலு ஓட்டத்தில் மாறிவிட்டால் துளை தளர்ந்திருக்கும். மென்மரத்தில் ஆணியை அடிக்கடி திருப்பினால் இது நடக்கும். ஆணியைக் கழற்றி, துளைக்குள் ஒரு சொட்டு ஃபெவிகுவிக் விட்டு முழுதாகக் காயவைத்து, அதே பிட்டை விரலால் சுழற்றித் துளையைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுங்கள். பசை காயும் முன் ஆணியை மாட்டினால் அதன் பிறகு திருப்பவே முடியாது.

தூக்கிய சக்கரம் ஓட்டம் முடிந்தபின்னும் சுழன்றுகொண்டிருந்தால் அது வழியில் எங்கோ தரையையோ ரீப்பரையோ தொட்டிருக்கிறது. கார் இழுக்கும் அளவு ஓட்டத்துக்கு ஓட்டம் தாறுமாறாக மாறினால் முதலில் பலகையை ஈரத்துணியால் துடையுங்கள், அடுத்து தொடு சக்கரத்தின் துளையில், உராய்வு குறையப் போடும் கிராஃபைட் பவுடர் கட்டியாக அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிராஃபைட் பவுடர் பூட்டு விற்கும் ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். துளையிலும் ஆணியிலும் சிட்டிகை போட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றி, தட்டி உதறி, மறுபடி போட வேண்டும். நாலைந்து முறை செய்தால் துளையின் உட்பக்கம் கறுத்துப் பளபளக்கும். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். முதல் ஓட்டம் நன்றாகத் தெரியும், பிறகு தூசி சேர்ந்து பசையாகிவிடும்.

ஈரமும் உப்பும்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் வைத்த இழுப்பு அக்டோபரில் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. மரம் ஈரத்தைக் குடித்து ஊதும்போது துளையின் வாய் நகர்கிறது, உடல் முறுக்கிக்கொள்கிறது. ஆகவே மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்து விடாமல், அடிப்பக்கமும் ஈயக் குழியின் உட்பக்கமும் சேர்த்து சீலர் இரண்டு கோட்டாவது அடியுங்கள். துளைகளில் பல்குத்தும் குச்சியைச் செருகிவிட்டு அடித்தால் உள்ளே பெயின்ட் போகாது. காய்ந்தபின் ஒரு வாரம் விட்டு அலைன்மென்ட் பார்ப்பது நல்லது.

முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஆணிதான் கவலை. பாலிஷ் போட்ட இரும்பு உப்புக் காற்றில் சீக்கிரம் துருப் புள்ளி எடுக்கும், விரல் வியர்வை பட்ட இடத்தில் இன்னும் சீக்கிரம். பாலிஷ் முடிந்ததும் வெறுங்கையால் தண்டைத் தொடாமல் துணியால் பிடித்து, கிராஃபைட் தேய்த்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். கிராஃபைட் டப்பாவுக்குள்ளும் ஒரு பொட்டலம் இருக்கட்டும், ஈரம் பட்ட பவுடர் உருண்டை பிடிக்கும்.

காரைச் சக்கரத்தின் மேல் நிறுத்தி வைக்காதீர்கள். உடலுக்கு அடியில் ஸ்பாஞ்ச் துண்டு வைத்து, நான்கு சக்கரமும் அந்தரத்தில் நிற்குமாறு டப்பாவில் இறுக்கி வையுங்கள். பஸ்ஸிலோ பைக்கிலோ கொண்டுபோகும்போது ஆணித்தலையில் ஒரு இடி பட்டால் வைத்த 70 மி.மீ. 30 ஆகிவிடும். பந்தய இடத்துக்குப் போனதும் எடை போடுமுன் கண்ணாடித் துண்டு ஒன்றில் முன்னே பின்னே உருட்டிப் பின்சக்கரங்களைப் பாருங்கள், ஏடிஎம் கார்டை நான்கு இடைவெளியிலும் விட்டுப் பாருங்கள், புள்ளி நீங்கள் குறித்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எடை போட்டு மேசையில் வைத்த பிறகு காரைத் தொட அனுமதி கிடைப்பது அரிது.